நான் வெட்டிய மூன்று வரிகள்

ஒரு குடும்பத்தின் சோற்றில் நான் மண்ணள்ளிப் போட்டேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரை ஒன்று நன்றாக அமைய வேண்டும் என்பதற்காக! பிறகு அதை மறைக்க ஊர் நடுவே நின்று பொய்யும் சொன்னேன். இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை அறியாதவர் என்கிற தைரியத்தில்.

அறுபதுகளின் கடைசி. என் அப்பாவுக்குப் பழவேற்காட்டுத் தபால் ஆபீசில் வேலை. நான் பத்தாம் வகுப்பு. பக்கத்தில் உட்காருபவள் எல்லம்மா. அவளுடைய மீனவக் குப்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அத்தனை வகுப்பு படித்ததில்லை.

அங்கே ஏரியில் நினைத்த நாளில் வலை போட முடியாது. இன்ன இடம், இன்ன நாள், இன்ன குடும்பம் என்று முறை உண்டு. ‘பாடு’ என்பார்கள். அடுத்தவர் முறையில் வலை இறக்குவதைப் போன்ற கேவலம் அந்தக் குப்பத்தில் வேறில்லை.

ஒரு நாள் மதியம் எல்லம்மா என்னிடம் மனம் விட்டுப் பேசினாள். வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியாமல், அவள் அப்பா அடுத்தவர் முறையில் போய் வலை போட்டுவிட்டாராம். கூடை நிறைய இறால்.

“கரைக்கு வந்ததும் நைனா கூடைய கீழ வெச்சிட்டாரு. வாணாம்மா, இது நம்முது இல்லன்னாரு. உசுரோட துள்ளிக்கினு இருந்த இறால அப்படியே தண்ணியில கொட்டிட்டோம். அன்னிக்கும் பட்டினிதான். யார்கிட்டயும் சொல்லிடாத வசந்தா!”

சொல்லவில்லை. எழுதினேன்!

அந்த வாரம் தமிழய்யா கொடுத்த தலைப்பு, ‘வறுமை’. முடிவு படிப்பவர் நெஞ்சில் அறைய வேண்டும் என்றார். நான் நடந்ததை நடந்தபடியே எழுதினேன், இறாலைக் கொட்டியது வரை. படித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. அந்தக் கடைசி மூன்று வரிகளை அடித்துவிட்டு, ‘அன்று அந்த வீட்டில் உலை கொதித்தது. திருட்டுச் சோறு பிள்ளைகளுக்கு இனித்தது’ என்று முடித்தேன். எனக்கே புல்லரித்தது! எவ்வளவு பெரிய பாவி நான்...

பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் படகுப் பாயில் தைத்திருந்த சிவப்பு ஒட்டுத் துணியை விடாமல் எழுதினேன். அப்படி ஒரு விவரம் இருந்தால்தானே கட்டுரைக்கு உயிர்!

தமிழய்யா அதை மாவட்டப் போட்டிக்கு அனுப்பினார். பள்ளி ஆண்டு விழாவில் என்னையே படிக்கவும் சொன்னார். சிவப்பு ஒட்டு வந்த இடத்தில், முன் வரிசையில் இருந்த குப்பத்துப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

மறுநாள் கோயில் வாசலில் பஞ்சாயத்து. எல்லம்மாவின் அப்பா தலை குனிந்து நின்றார். வலை போட்டது உண்மை, இறாலைத் திரும்பக் கொட்டியதும் உண்மை என்றார். சாட்சி? மகளைத் தவிர யாருமில்லை.

“நான் வசந்தாகிட்ட அப்பவே சொல்லிகிறேன். அவளயே கேளுங்க!” என்று எல்லம்மா கத்தினாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். “இன்னா பாப்பா, பயப்படாம சொல்லு. தண்ணியில கொட்டிட்டோம்னு இந்தப் பொண்ணு உன்கிட்ட சொல்லிச்சா? சொல்லியிருந்தா இத்த இத்தோட வுட்டுடலாம்” என்றார் பெரியவர்.

பக்கத்தில் தமிழய்யா நின்றிருந்தார். ‘ஆமாம்’ என்றால் என் கட்டுரை பொய்யாகிவிடும். போட்டி போய்விடும். மானம் போய்விடும்...

“இல்லை” என்றேன்.

எல்லம்மா என்னைப் பார்த்தாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி விழித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு அவர்களுக்குப் பாடு இல்லை என்று தீர்ப்பு. அந்த வாரமே குடும்பம் ஊரைவிட்டுப் போனது. அத்தோடு எல்லம்மாவின் படிப்பும் போயிற்று. எனக்கு மாவட்டத்தில் முதல் பரிசு!

பிறகு நான் என்ன ஆனேன் தெரியுமா? தமிழாசிரியை. பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கிறவள். தூ!

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு குரல் என்னை நிறுத்தியது. எல்லம்மா! ஏதோ கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலையாம். உள்ளங்கை இரண்டும் வெடித்திருந்தன. அப்பா செத்து நாளாயிற்று என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் வசந்தா. தண்ணியில கொட்டினத உன்கிட்ட சொன்னேன்னே நெனச்சிகினு இருந்தேன். நான்தான் சொல்லாம வுட்டுட்டேன் போலகீது. சொல்லியிருந்தா நீ எழுதாமயா இருந்திருப்ப? என் வாயாலதான் நைனா கெட்டாரு... இல்ல?”

பஸ் வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை!

“அதெல்லாம் இப்போ எதுக்கு எல்லம்மா” என்று சொல்லி, கையை விடுவித்துக்கொண்டு ஏறிவிட்டேன்.