எதைத் தேடினாலும் புல்வெட்டி

தேடல் மென்பொருள் செய்கிறவர்களின் நாளில் பாதி, தாங்களே எங்கோ வைத்துவிட்ட கோப்பைத் தேடுவதில் போய்விடும்.

அவசர வேலையின் நடுவில் இருக்கும்போது 'புதிய பதிப்பு தயார்' என்று திரை மறித்து நின்று உங்களுக்கு எரிச்சல் மூட்டியிருந்தால், அந்தப் பாவத்தில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. ஆனால் நம்புங்கள், திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாங்களும் உங்களைப் போலவே அவதிப்படுகிறவர்கள்தான். எங்களுடையது ஜொகூர் பாருவில் ஒரு சிறிய நிறுவனம். கடைகளும் கம்பெனிகளும் தங்கள் சரக்கு விவரம், பில், பழைய கடிதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தட்டிக் கண்டுபிடிக்க மென்பொருள் செய்கிறோம். வெளியே போகுமுன் அது ஒழுங்காகத் தேடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. குழுவில் மூன்று பேர்: தலைவி கவிதா, புரோகிராம் எழுதும் ஹாஃபிஸ், நான். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. மற்ற இருவரின் வயதையும் கூட்டினால்தான் என்னைத் தாண்டும்.

இந்த வருடம் மேலிடம் ஒன்று சொல்லிவிட்டது. புதிய பதிப்பை முதல் வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் எங்கள் குழு இங்கேயே இருக்கும். வேண்டாம் என்று திருப்பிவிட்டால் கோலாலம்பூர் அலுவலகத்தோடு சேர்த்துவிடுவார்கள். இந்த வயதில் அங்கே வாடகை அறை தேடி அலைகிற மனிதனாக என்னைக் கற்பனை செய்து பார்த்தேன். பிடிக்கவில்லை. அதைவிட, அங்கே என்னைக் கூப்பிடுவார்களா என்ற சந்தேகம் இன்னும் பிடிக்கவில்லை.

நின்றபடி ஒரு கூட்டம்

தினமும் காலையில் நின்றுகொண்டே கூட்டம் நடத்துவோம். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடையாக இருக்கிறது: இந்த மூன்றுக்கு மட்டும் பதில். முட்டி வலி மூன்றாவது கேள்வியில் அடங்காது என்பதை முதல் வாரமே தெரிந்துகொண்டேன்.

புதிய பதிப்பின் விசேஷம், அது பார்த்துப் பழகிக்கொள்ளும். வருகிற விடைகளில் எதை அதிகம் பேர் அழுத்துகிறார்களோ, அதை அடுத்த முறை மேலே கொண்டுவரும். ஒரு நாள் என் முறை வந்தபோது, வீட்டிலிருந்து வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "எனக்கு ஒரு தடை இருக்கு. நிறைய பேர் அழுத்துறதுதான் சரியான விடைன்னு நாம எப்படி முடிவு பண்ணோம்?" கவிதா கடிகாரத்தைப் பார்த்தாள். எங்கள் அலுவலகத்தில் எந்த வேலையானாலும் கணினியில் 'டிக்கெட்' என்று ஒன்று பதிந்தால்தான் அது வேலை. ஹாஃபிஸ் மிகுந்த மரியாதையோடு மலாயில் சொன்னான்:

"அங்கிள், அந்தக் கவலைக்கு டிக்கெட் போட முடியாது லா."

பதிப்புக்கு ஒரு பலகாரம்

ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு மலாய்ப் பலகாரத்தின் பெயர் வைப்போம். பதிப்பு வெளியாகும் நாளில் கீழ்த்தளக் கடையில் அதே பலகாரத்தை வாங்கி எல்லாரும் தின்ன வேண்டும். 'ஒண்டே-ஒண்டே' என்ற பதிப்பு வெளியான அன்று மதியத்துக்குள் படுத்துவிட்டது. ஒரு பக்கம் வாடிக்கையாளர்களின் போன். இன்னொரு பக்கம் பாதி கடித்த உருண்டையிலிருந்து பாகு விசைப்பலகையில் ஒழுகியது. அதற்குப் பிறகு அந்த மாடியில் யாரும் ஒண்டே-ஒண்டே வாங்குவதில்லை. தீர்மானம் எதுவும் போடவில்லை. தட்டுக்கு மேலே போகிற கை தானாகப் பக்கத்துத் தட்டுக்கு நகர்ந்துவிடும்.

பலகாரத்தின்மேல் பழி போடுகிறவன் கணினித் துறையில் என்ன செய்கிறான் என்று என்னையே கேட்டுக்கொண்டு, நானும் பக்கத்துத் தட்டிலிருந்த 'செரி முக்கா'தான் வாங்கினேன். கடையை நடத்தும் மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டார். ஹாஃபிஸ் உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"உங்க கம்ப்யூட்டர் கெட்டுப்போனதுக்கு என் ஒண்டே-ஒண்டே என்னப்பா பண்ணிச்சு?"

எல்லாரும் தேடியது

வெளியே கொடுக்குமுன் புதிய பதிப்பை எங்கள் அலுவலகத்திலேயே ஓட்டிப் பார்த்தோம். விடுமுறை விதி, மருத்துவச் செலவு, யாருடைய மேசை எங்கே, எல்லாவற்றுக்கும் அதில்தான் தேட வேண்டும். தேடும் கட்டத்தைத் தொட்டதும், அந்த வாரம் அதிகம் பேர் தேடியது கீழே வரும். தேடியவர் பெயர் வராது.

ஊழியர்களின் ஆண்டு மதிப்பீடு வெளியான மறுநாள், மேலிடத்து ஆட்களுக்குப் பெரிய திரையில் காட்டுவதற்காகக் கவிதா கட்டத்தைத் தொட்டாள். முதல் வரியில் வந்தது: 'ராஜினாமாவுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு'. ஒருவர் தேடினால் அது அவ்வளவு மேலே வராது. நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கோலாலம்பூரை நினைத்து நானும் ஒருமுறை தட்டியிருந்தேன் என்பதால், சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பைப் படிக்கத் தொடங்கினேன். கவிதாவின் குரல் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை.

"பார்த்தீங்களா, இந்த வசதி ரொம்ப நல்லா வேலை செய்யுது."

ஸ்டோரிலிருந்து ஒரு போன்

முதல் வாடிக்கையாளர் பண்டார் தெங்காராவில் இருக்கும் ஒரு கடை. சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டங்களின் இயந்திரங்களுக்கு உதிரி பாகம் விற்கிறார்கள். ஸ்டோர் பொறுப்பு லெட்சுமி அக்கா கையில். என்னைவிடச் சில வயது மூத்தவர். எடுத்த எடுப்பிலேயே என்னைத் தம்பி ஆக்கிக்கொண்டார். பதிப்பைப் போட்டுக் கொடுத்து இரண்டு நாள் போன் வரவில்லை. எங்கள் துறையில் போன் வராவிட்டால் ஒன்று எல்லாம் நன்றாக இருக்கிறது, அல்லது யாரும் இன்னும் திறக்கவே இல்லை. எது என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போது வந்தது.

"தம்பி, போல்ட்டு கேட்டாலும் புல்வெட்டி காட்டுது, டயர் கேட்டாலும் புல்வெட்டி காட்டுது. பண்டார் தெங்காரா புல்லையெல்லாம் நான் ஒருத்தியே வெட்டணுமா?"

தவுக்கேயின் முன்னால்

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சோதனைக்காக அந்தக் கடைச் சரக்கில் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. ஹாஃபிஸ் புல்வெட்டியை எடுத்தான். பல வாரங்களாக, எந்தச் சொல்லைத் தட்டினாலும் நாங்கள் மூவரும் புல்வெட்டியையே போய் அழுத்தினோம். அழுத்தியது மேலே வருகிறதா என்பதுதானே எங்கள் கவலை. பாவம், அதுவும் கவனமாகக் கற்றுக்கொண்டது. கற்றதை அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மற்றவர் அழித்திருப்பார் என்று மூவரும் நம்பியிருக்கிறோம்.

கவிதாவின் காரில் மூவரும் போனோம். கூட்டத்தில் என்னைக் 'குணா' என்றும் சாப்பாட்டு நேரத்தில் 'அண்ணே' என்றும் கூப்பிடுகிறவள், குலாய் ஊரைத் தாண்டும்வரை எப்படியும் கூப்பிடவில்லை. கடை முதலாளி, சீனத் தவுக்கே, கைகட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே நின்றார். ஹாஃபிஸ் அழித்து முடித்ததும், பழையதையே போட்டுவிட்டுப் போங்கள் என்று மலாயில் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குக் கோலாலம்பூர் கண்முன் வந்தது.

கவிதா சமாளிக்கத் தொடங்குவதற்குள் லெட்சுமி அக்கா என்னிடம் கேட்டார். "இப்ப அழிச்சிட்டீங்கல்ல, அப்போ இதுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது அக்கா."

கவிதா என் காலை மிதித்தாள்.

"நாங்க தப்பா அழுத்தினா?"

"தப்பாவே கத்துக்கும். நீங்கதான் பழக்கணும்." இப்படி ஒரு விற்பனைப் பேச்சை எங்கள் கம்பெனி வரலாற்றில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

அக்கா தவுக்கேயைத் தள்ளி அழைத்துப்போய் மலாயில் ஏதோ பேசினார். தவுக்கே திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா திரும்பி வந்தார்.

"இங்க புதுசா வேலைக்கு வர்றவனும் ஒண்ணும் தெரியாமத்தான் வர்றான், அவனுக்கு மூணு மாசம் குடுக்கிறோம். இதுக்கும் அதேதான். தேறலைன்னா இதோட சேர்த்து உங்க மூணு பேரையும் அனுப்பிடுவேன்."

ஆக, இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு நானும் என் மென்பொருளும் ஒரே ஸ்டோரில் சோதனைக் காலத்தில் இருக்கிறோம், இருவரில் அது கொஞ்சம் வேகமாகக் கற்றுக்கொள்கிறது என்று கேள்வி.