கோழியின் எடை

எங்கள் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். செத்த கோழியைப் பீரங்கிக் குழாயில் அடைத்து விமானக் கண்ணாடி மேல் சுடுவது! பறக்கிற விமானத்தில் பறவை மோதினால் கண்ணாடி தாங்குமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு கூடம். சுட்டபின் சுவரிலிருந்து குடலையும் இறகையும் சுரண்டுவதும் அவர்தான். பத்தொன்பது வருஷம். குளிக்காமல் வந்தால் அக்கா வாசற்படி தாண்ட விடமாட்டாள். தெருவே அவரைக் கோழிக்காரர் என்றது.

கோழிக்கு இவ்வளவு எடை என்று விதி உண்டு. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததை, ஐஸ் முழுக்க உருகி நீர் வடிந்த பிறகுதான் மாமா எடை போடுவார். குறைந்தால் வேறு கோழி. அங்கே மோதலைப் படம்பிடிக்கிற கேமரா வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்த அன்றே சொன்னார்: "மாப்ள, கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தன் உக்காந்து ஓட்டுவான். அத மறந்துடாத."

போன வருஷம் பல்கலைக்கழகம் ஒரு விமானக் கம்பெனியோடு கைகோத்தது. கூட்டு ஆராய்ச்சியாம், மண்ணாங்கட்டி! கோட்டுப் போட்டவர்கள் வாசனைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து போனார்கள். கம்பெனியின் புதுக் கண்ணாடி மூன்று முறை உடைந்தது. நாலாவதும் உடைந்தால் கூட்டு முறியும். அன்று கூடத்துக்குத் தலைவரான பேராசிரியர் ஒரு நோஞ்சான் கோழியை, வயிறு நிறைய ஐஸோடு, தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது.

"இதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"உருகட்டும் சார். அப்புறம் போடறேன்."

"உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். உருகட்டும்."

தூ! அந்தப் பேராசிரியருக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. எடைச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க போடுங்க தம்பி."

மாமா என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போட்டேன்.

ஐஸ் உருகி எடை குறைந்துபோன கோழி சப்பென்று மோதியது. கண்ணாடி நின்றது. எல்லோரும் கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்றும் சுவரைச் சுரண்டியது மாமாதான்.

மாசம் முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வேலை எனக்கு வந்தது. முதல் நாள் முடிந்ததும் சோப்புப் போட்டு இரண்டு முறை குளித்துவிட்டு, மாமாவைப் பார்க்கப் போனேன். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"குளிச்சிட்டேன்க்கா," என்றேன்.

"தெரியுது. வெளியவே நில்லு," என்றாள்.