காரீயக் குழியில் ஊறிய தண்ணீர்

எங்கள் காரீயக் குழியை முதலில் தோண்டியவர்கள் வெள்ளி கிடைக்குமென்று தோண்டினார்களாம். மண்ணில் அப்படியொரு மினுக்கம். கிடைத்ததென்னவோ பென்சிலுக்குள் வைக்கிற காரீயம். ஐரோப்பாச் சண்டை நடந்தபோது அதற்கே அடிபிடியாக இருந்தது. சண்டை முடிந்ததும் சீந்துவாரில்லை. கண்டிப் பக்கம் தெல்தோட்டைக்கு அப்பாலிருந்த அந்தக் குன்றுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, வேலை பாதியாகக் குறைந்திருந்தது.

கொட்டகையில் பெண்கள் நாங்கள் காரீயத்தைத் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தரம் பிரிப்போம். கைரேகைக்குள் மினுக்கம் ஏறிவிடும். சோற்றைப் பிசைந்தால் சோறும் லேசாகப் பளபளக்கும். சாயங்காலம் மூடுபனி இறங்கும்போது ஆட்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். மினுங்குகிற முதுகுகள் மட்டும் ஆற்றை நோக்கி மெல்ல நடந்து போகும். கண்டதா, கனவா என்று எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

குழிவாய்க்கு மட்டும் நாங்கள் போகக்கூடாது. பெண் கால் பட்டால் குழிக்கு ஆகாது என்பது அங்குள்ள கட்டுப்பாடு. அள்ளியதைத் தேய்க்கப் பெண் வேண்டும், அள்ளுகிற இடத்துக்கு ஆகாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் குழிவாயில் உருளை சுற்றி வாளியை ஏற்றி இறக்குகிறவர். அந்தக் கட்டுப்பாட்டில் மற்ற எல்லோரையும்விடக் கறார்.

முதலாளி ஒருநாள் வராமலே போனார். ஆட்கள் கலைந்தார்கள், குழியில் தண்ணீர் ஏறியது. கண்டி மஹய்யாவவில் நகரசபை வேலையிலிருந்த என் அண்ணன், இவருக்கும் அங்கே இடம் இருப்பதாகச் சொல்லியனுப்பினார். இவர் அசையவில்லை. குழி மறுபடி திறக்கும் என்றார். தாளிக்க எண்ணெய் இல்லாத வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அந்த உருளைக்கு எண்ணெய் போனது. குழிதான் எனக்குச் சக்களத்தி என்று ஏசுவேன். அப்போது எனக்கு நிறைமாதம். ஆளற்ற அந்தக் குன்றில் தனியாகப் பிள்ளை பெறவேண்டி வருமோ என்று பயந்து செத்தேன்.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஊற்று வற்றி, தண்ணீருக்கு ஆற்றுக்கே போகவேண்டியதாயிற்று. ஒருநாள் குடத்தோடு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து குடத்தை வாங்கிக்கொண்டு, ஆற்றுக்குப் போகாமல் குழிப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போய், வழக்கம்போலக் கொட்டகையோரம் நின்றுகொண்டேன். உருளை சத்தமே இல்லாமல் சுற்றியது. அவ்வளவு எண்ணெய் குடித்திருந்தது. வாளி நிறையத் தெளிந்த தண்ணீர் வந்தது.

"ஏன் அங்கயே நிக்கிற? வா புள்ள, வந்து குடி."

"நான் வந்தா குழிக்கு ஆகாதே" என்றேன்.

"குழி எங்க இருக்கு? இது கெணறு."

எத்தனை முறை அந்தக் குழி மண்ணாய்ப் போகவேண்டுமென்று சபித்தவள் நான். குழிவாயில் கால் வைத்ததும் அழுதுவிட்டேன். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். அவர் என்னைப் பார்க்காமல் உருளையிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சானுக்குச் சொல்லி விடு," என்றார், "வர்றோம்னு."