நீவெஸ் தைத்த வழி

ஊசி ஃபாயென்ட்சாவில் இறங்கி, மலைகளுக்கு அடியில் ஊர்ந்து, ஃபுளோரன்ஸில் தலை நீட்டியது. விரல்கள் நீல நூலை மெல்ல இழுத்து, தாளை நீவிவிட்டன. அதிகம் இழுத்தால் வரைபடம் கிழியும். தளர விட்டால், ரயில் தண்டவாளத்தை விட்டு வயலுக்குள் மேயப் போனதுபோல நூல் தொங்கும்.

"பிரிச்சிடு அக்கா," என்றது வாசலில் ஒரு குரல்.

கைகளுக்குச் சொந்தக்காரியான நீவெஸ் நிமிரவே இல்லை. தம்பி லெயார்கோவின் குரல் அது. காலையிலிருந்து அவன் ஒரு முறை, அவன் மனைவி மரீசா ஒரு முறை என்று வந்து வந்து, பிரிக்கச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இருவரும் போகவிருந்த இரண்டு வாரச் சுற்றுலாவுக்கு அவனுக்குக் கார் வேண்டும், அவளுக்கு ரயில். புறப்படும் ஊரான ஃபாயென்ட்சாவில் மட்டும் அத்தனை ஓட்டை. வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடைபோலத் தெரிந்தது.

அப்பா வைத்திருந்த புகையிலைக் கடையில் பஸ் டிக்கெட் விற்றுத்தான் நீவெஸ் தொழில் கற்றாள். எங்கே மாற வேண்டும், எந்த வண்டி எந்த நாளில் ஓடாது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே அந்தக் கடை பயண ஏற்பாட்டுக் கடையாகிவிட்டது. வரைபடத்தில் வழியைத் தைத்துக் கொடுக்கும் பழக்கம் மட்டும் அவளாகவே கண்டுபிடித்தது. ரயிலுக்கு நீலம், சாலைக்குச் சிவப்பு. பேனாக்கோடு மடிப்பில் அழிந்துபோகும், தையல் அழியாது என்பது அவள் கட்சி.

இந்த வரைபடத்தில் அவள் சொந்த நலனும் சேர்ந்திருந்தது. மரீசா பள்ளித்தோழி, பிறகுதான் தம்பி மனைவி. காரில் என்றால் தான் வரப்போவதில்லை, அந்த இரண்டு வாரமும் நீவெஸ் வீட்டில்தான் தங்குவேன் என்று அவள் அறிவித்திருந்தாள். நீவெஸுக்கு மரீசா மேல் உயிர். ஆனால் மரீசா வந்து தங்கினால் விடிவதற்கு முன்பே வீடு கூட்டுவாள், பாடிக்கொண்டே கூட்டுவாள், சமையலறையைத் தலைகீழாக அடுக்குவாள். போன முறை அவள் போன பிறகு, ஈஸ்டர் வரைக்கும் நீவெஸுக்கு உப்பு கிடைக்கவில்லை.

"ரயில்ல போனா பியென்ட்சாவுல வாங்குற சீஸை எங்க வைக்கிறது?" என்றான் லெயார்கோ. "மடியிலயா?"

"மடியில வை. அது உன்னைக் கடிக்காது."

"வழியில நல்ல பன்றிக்கறிக் கடை ஒண்ணு கண்ணுல படுது. ரயில் டிரைவர் பிரேக் போடுவாரா? போடமாட்டார். மனசாட்சி இல்லாத வண்டி அக்கா அது."

பக்கத்திலிருக்கும் தன் முடிதிருத்தும் கடையிலிருந்து, ஏப்ரனும் சீப்புமாக மரீசா வந்து சேர்ந்தாள். "இவன் கார்ல ஏறுறதுக்கு நான் நடந்தே போவேன்டி. யார்கிட்டயும் வழி கேக்கமாட்டான். போன தடவை ஒரே ரவுண்டானாவை எத்தனை சுத்து சுத்துனான் தெரியுமா? நடுவுல இருந்த பூச்செடியெல்லாம் எனக்கு மனப்பாடம்."

"யோசிச்சிட்டிருந்தேன்," என்றான் லெயார்கோ.

"பொலோன்யாவுல?"

அவன் தலை குனிந்தான். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வெளிவண்டிகள் நுழையக்கூடாத பழைய தெருக்களில் காரை விட்டுச் சுற்றியவன் அவன். அபராதக் கடிதம் வந்ததும் சண்டை போடவென்று அங்கேயே போனான். கேமரா எடுத்த படத்தைக் காட்டினார்கள். பார்த்ததும் சண்டையை மறந்து ஒரு பிரதி கேட்டு வாங்கி வந்தான். தன் பழைய பாண்டா கார் அவ்வளவு அழகாக எந்தப் படத்திலும் விழுந்ததில்லையாம். சட்டம் போட்டு, கல்யாணப் படத்துக்கு மேலே மாட்டியிருக்கிறான்.

நீவெஸ் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டாள். "ரெண்டு பேரும் கேளுங்க. ஃபுளோரன்ஸ், சியெனா, ஒர்வியேத்தோ, நேப்பிள்ஸ் எல்லாம் ரயில். மலை ஊர்களுக்கு மட்டும் கியூசி ஸ்டேஷன்ல எறங்கி வாடகைக் கார். திருப்பி அங்கேயே விட்டுட்டு மறுபடி ரயில்."

"அப்படிச் சொல்லு என் அக்கா!" என்று மேசையைத் தட்டினான் லெயார்கோ.

"உன் கிரெடிட் கார்டைக் குடு."

அவன் விழித்தான். பணத்தை பிஸ்கட் டப்பாவில் வைப்பவன் அவன். வங்கியில் போட்ட பணம் ராத்திரியில் யாரோடு ஊர் சுற்றுகிறது என்று யாருக்குத் தெரியும் என்பான்.

"ஓட்டுறவங்க பேர்லயே கார்டு இருக்கணும்," என்றாள் நீவெஸ். "டப்பாவுக்கு லைசென்ஸ் இருக்கா?"

மரீசா ஏப்ரன் பையில் கையை விட்டு, கடைக் கணக்குக்காக வைத்திருந்த கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுத்தமாக, சத்தமாக.

"அப்ப… ஓட்டப்போறது?" என்றான் லெயார்கோ.

"நான்."

தன் பாண்டாவின் கண்ணாடியைத் துடைக்கக்கூட அவளை அவன் விட்டதில்லை. "ரயிலே போதும் அக்கா," என்றான் அவசரமாக. "ரயில்னா என்ன ஒரு அமைதி! சீஸ் என்ன பெரிய சீஸ்!"

"எனக்கு இப்போ கார்தான் வேணும்," என்றாள் மரீசா. "நேப்பிள்ஸ் வரைக்கும் கார்தான். இவன் மாட்டேன்னா விடு நீவெஸ், ரெண்டு வாரம் உன்கூடவே…"

"இருக்கமாட்ட!" நீவெஸ் எழுந்தே விட்டாள். "டேய், உக்காரு. மலையில ஓட்டுறது அவ. எங்க நிறுத்தணும்னு சொல்றது நீ. எந்தக் கறிக்கடை, எந்த சீஸ் கடை, எல்லாம் உன் உத்தரவு."

லெயார்கோவின் முகத்தில் ஏதோ அசைந்தது. "எந்தக் கடையா இருந்தாலும்?"

"எந்தக் கடையா இருந்தாலும். ஆனா பின் சீட்டு. முன்னாடி உக்காந்தா இல்லாத பிரேக்கை மிதிப்ப."

"பின் சீட்டா? நான் என்ன கைக்குழந்தையா?"

"சீஸ் அங்கதான் இருக்கும்."

அவன் நெடுநேரம் யோசித்தான். "சரி. ஜன்னல் பக்கம்."

"கடைன்னா நிறுத்துவேன்," என்றாள் மரீசா. "வழி சொன்னா எறக்கி விட்டுடுவேன்."

இருவரும் மனம் மாறுவதற்குள் நீவெஸ் ஊசியைக் கையில் எடுத்தாள். ஃபாயென்ட்சாவின் பின்பக்கம் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, ஓட்டையெல்லாம் அடைத்து, நீலத்தைப் புதிதாகத் தொடங்கினாள். கியூசியில் நீலத்தை முடிந்து, சிவப்பைக் கோத்து, மலைகளைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, பியென்ட்சாவில் அவனுக்காக ஒரு தடித்த முடிச்சு வைத்தாள். பிறகு மறுபடி நீலம், ஒர்வியேத்தோ வழியாக நேப்பிள்ஸ் வரை. ஒரு தையல் கோணலாக விழுந்தது. அவர்கள் காத்திருக்க, அதைப் பிரித்துத் திரும்பப் போட்டாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்து, வரைபடத்தை மடித்து நீட்டினாள். இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். நீவெஸ் அதை ஓட்டப்போகிறவளின் கையில் வைத்தாள்.