அரணாக்கொடியும் சோதனைக் கதவும்

நீதிமன்றத்தைப் புதுப்பிக்கும்போது வாசலில் உலோகச் சோதனைக் கதவு கட்டாயம் வேண்டும் என்று வழக்கறிஞர் மன்றக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். கதவு வந்ததும் என்னைப் பார்த்துத்தான் கத்தியது.

காவலுக்கு நின்றவர் ஈஜோக் ஊர்த் தமிழர். நறுக்கு மீசை. பேசுவதற்குமுன் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றினேன். மறுபடியும் கத்தியது. வரிசையே என்னைப் பார்த்தது.

தொப்பியைச் சரிசெய்தவர் காதருகில் குனிந்தார். "இடுப்புல வெள்ளி அரணாக்கொடியா அண்ணே? எனக்கும் கத்துது லா."

தலையாட்டினேன்.

"பெல்ட்டுதான், போங்க," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. பெல்ட் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில் பாதுகாப்பு எப்படி என்று கேட்டார்கள். கதவு கத்தியும் ஓர் ஆளைத் தடவிப் பார்க்காமல் உள்ளே விட்டதைச் சொல்லியிருக்க வேண்டும்.

"ரொம்பத் திருப்தி," என்றேன்.

இன்றும் அவரைக் கண்டால் என் கை வணக்கத்துக்கு முன் இடுப்புக்குத்தான் போகிறது.