மூத்தவள் கைக்குப் போன கத்தி

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குத் திருகாணி மாட்டிக்கொடுக்கிற அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லாரும் 'கத்தியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். ஒரு ஆப்பிளைக்கூட அவள் வெட்டித் தின்றதில்லை, கடித்துத்தான் தின்பாள். அவளிடம் இருப்பதெல்லாம் மடக்குக்கத்திகள், அதுவும் பழசு. கொம்புப் பிடி, எலும்புப் பிடி, பித்தளைப் பிடி என்று ஒரு மேஜையின் டிராயர் முழுக்கப் பச்சைக் கம்பளித் துணி விரித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த மாதிரி வரிசையாக வைத்திருப்பாள். யாராவது ஒன்றை எடுத்து உருளைக்கிழங்கு சீவலாமா என்று கேட்டால் போதும், முகம் கடுகடுவென்று ஆகிவிடும்.

அவள் கத்தியை ரசிக்கிற விதமே தனி. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் மாதிரி கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு முதலில் பிடியைப் பார்ப்பாள். ஆணிகள் ஆடுகின்றனவா, கொம்பு வெடித்திருக்கிறதா என்று தடவுவாள். பிறகு அலகின் அடியில் செய்தவன் அடித்த முத்திரையைப் படிப்பாள். கடைசியாகக் கத்தியைக் காதோரம் வைத்துத் திறந்து மூடுவாள். அலகை இழுத்துப் பிடிக்கிற முதுகு வில் நல்ல நிலையில் இருந்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக வாரக் கடைசியில் பழைய சாமான் சந்தையில் வெயிலில் அலைவாள். அவள் புருஷன் நல்ல மனுஷன். கூடவே போய்க் குடை பிடிப்பான், ஒன்றும் கேட்கமாட்டான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது மாமனாரால். அவர் சரக்குக் கிடங்கில் கயிறும் சாக்கும் அறுத்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் ஒரு மடக்குக்கத்தி இருந்துகொண்டே இருக்கும். கறுப்புக் கொம்புப் பிடி, அதன் மூலையில் பெயர்ந்த ஒரு சில்லு, அதில் பதித்த சின்ன முட்டை வடிவத் தகடு, தகட்டில் கோணலாக ஒரு கீறல், தேய்ந்து கறுத்த இரண்டு அலகு. கல்யாணமாகி வந்த புதிதில் அவருடைய கண்ணாடியை முடுக்கிக் கொடுத்தபோது இவள் அந்தக் கத்தியையும் வாங்கி உருப்பெருக்கியில் பார்த்து முத்திரையைப் படித்துச் சொன்னாள். கிழவருக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து சாயங்காலமானால் முன்னறையில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். அவர் கிடங்குக் கதை சொல்வார், இவள் கத்திக்கு எண்ணெய் போடுவாள். இந்தக் கத்தி ஒரு நாள் தனக்குத்தான் என்பதில் இவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அந்த வீட்டில் இன்னொரு மருமகளும் உண்டு, மூத்தவள். கீழ்த்தளத்தில் அவள் குடும்பம், மாடியில் இளையவள் குடும்பம், சமையல் மட்டும் கீழே ஒன்றாக. மூத்தவளுக்கு ரசனை, கிசனை ஒன்றும் கிடையாது. ஸ்பூனால் பெயிண்ட் டப்பா திறப்பாள், கரண்டியால் ஆணி அடிப்பாள். ஒரு நாள் இளையவள் கடையிலிருந்து திரும்பி வாசற்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே சாப்பாட்டு மேஜையருகில் மாமனார் சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்தார். எடுத்தவர், மூத்தவளின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கி மூடினார்.

பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போய்விட்டு வந்தாள். ஏன் என்று கிழவரிடம் கேட்கவுமில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம். சாயங்காலப் பேச்சு அதன் பிறகும் நடந்தது, எண்ணெய் போட மட்டும் கத்தி இல்லை. கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

மூத்தவள் அதை என்ன செய்தாள் தெரியுமா? காய் நறுக்கினாள்! பால் பாக்கெட் கிழித்தாள், பார்சல் கயிறு அறுத்தாள், அறுத்த கையோடு ஈரமாகவே தொட்டி ஓரத்தில் போட்டாள். ஒவ்வொரு தடவையும் இளையவளின் வயிறு பற்றி எரிந்தது. கத்தி துருப்பிடிக்கிறதே என்பதுதான் கவலை என்று புருஷனிடம் சொன்னாள். பொய். "மாமா எனக்குக் குடுத்தது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் மூத்தவள் சொல்வாளே, அதுதான் எரிச்சல். அவரோடு ஒரு சாயங்காலமாவது உட்கார்ந்து பேசியிருப்பாளா மூத்தவள்? எதைக் கண்டு அவளுக்குக் கொடுத்தார்?

அப்படியிருக்கும்போதுதான் சந்தையில் மாமா கத்தியின் இரட்டைப்பிறவி கிடைத்தது. அதே முத்திரை, அதே கறுப்புக் கொம்பு, அதே முட்டைத் தகடு. ஆனால் பெட்டியை விட்டு வெளியே வராத கத்தி. அலகு அகலம் குறையவில்லை, கொம்பில் ஒரு கீறல் இல்லை. திறந்தால் வந்த சத்தத்தில் சந்தைக்காரரே நிமிர்ந்து பார்த்தார்.

"கத்தியக்கா, இந்த மாதிரி இன்னொண்ணு உங்க ஜென்மத்துல பாக்க மாட்டீங்க" என்றார்.

வேறு யாராவது என்றால் அதை டிராயரில் நடுநாயகமாக வைத்துக் கும்பிட்டிருப்பார்கள். இவள் என்ன செய்தாள் என்றால், சொல்லவே நாக்கு கூசுகிறது, அதைக் கெடுத்தாள். மாமனாரின் கத்தி எப்படியிருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். புதிதின் அலகைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பழையதன் அகலத்துக்குக் கொண்டுவந்தாள். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துக் கறுக்க வைத்தாள். பிடியின் மூலையில் சின்னதாக ஒரு சில்லையும் மனசில்லாமல் பெயர்த்தாள். தகட்டில் கோணலாக ஓடுகிற அந்த ஒரு கீறலைக்கூட விடவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் இது எந்தக் கத்தி என்று அவளுக்கே ஒரு நிமிஷம் குழம்பியது.

மூத்தவள் பல் டாக்டரிடம் போயிருந்த ஒரு பகலில் சமையலறைக்குள் நுழைந்தாள். தொட்டி ஓரத்தில் கிடந்ததை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அதே கோணத்தில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். திருட்டுத்தான், வேறென்ன?

அன்று சாயங்காலம் மூத்தவள் வெங்காயம் எடுத்து வைத்து உட்கார்ந்தாள். இளையவள் எதிரில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நின்றாள். முதல் வெங்காயம் இரண்டாயிற்று. மூத்தவள் கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். இளையவள் தண்ணீரை வாயிலேயே வைத்துக்கொண்டாள். மூத்தவள் மீதியையும் நறுக்கி முடித்தாள். அப்பாடா என்று இளையவள் குடித்த தண்ணீர் உள்ளே இறங்கியது.

இனி சந்தோஷம்தானே? எங்கே! மாமாவின் கத்தி இப்போது அவள் டிராயரில். ஆனால் யாரிடம் காட்டுவது? கடையில் கூட வேலை செய்கிறவர்களிடம் காட்ட முடியாது, புருஷனிடம் மூச்சு விட முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு எடுத்துப் பார்த்தால், சட்டைப்பையில் கிடந்த அந்தக் கத்திதான், ஆனால் அவர் கொடுத்ததில்லையே! கீழேயோ, மூத்தவள் முன்னைவிட அதிகமாகக் கத்தியும் கையுமாகத் திரிந்தாள். பழம் வெட்டினாள், ரொட்டி வெட்டினாள், பிள்ளைகளின் பென்சிலைக்கூடச் சீவினாள். "மாமா கத்தி மாதிரி வருமா" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை வேறு. ஒரு நாள் டப்பா மூடியை நெம்ப அதன் நுனியை உள்ளே விட்டாள். மாடிப்படியில் நின்று பார்த்த இளையவளுக்கு உயிரே போய்விட்டது. ஜென்மத்தில் இன்னொன்று கிடைக்காத கத்தி அல்லவா அது!

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. திருப்பி மாற்றி வைத்துவிட வேண்டியதுதான் என்று கீழே இறங்கினாள். பழையதை இடுப்பில் செருகியிருந்தாள்.

"அக்கா, அந்தக் கத்திய ஒரு நிமிஷம் குடுங்க. எண்ணெய் போட்டுத் தரேன். கவனிக்காம விட்டா கெட்டுப் போயிடும்."

மூத்தவள் மேஜையில் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"போட்டுக் குடு. ஆனா இதையே திருப்பிக் குடு. அந்த மொண்ணையக் கொண்டாந்து வச்சுடாதே."

இளையவளின் கை தானாக இடுப்பிலிருந்த பழையதைத் தொட்டது.

"எப்போ தெரிஞ்சுது?"

"மொத வெங்காயத்துலயே. மாமா போனதுக்கப்புறம் அதை யாரு தீட்டுனாங்க? அது வெங்காயத்த நசுக்கும். இது வெண்ணெய் மாதிரி இறங்குச்சு."

கல்லில் அத்தனை நாள் தேய்த்தால் கூர் வரத்தானே செய்யும்? கீறல், கறுப்பு, சில்லு, சத்தம் என்று கண்ணுக்கும் காதுக்கும் வேண்டியதெல்லாம் செய்தவளுக்கு, கத்தி என்றால் வெட்டும் என்பது மட்டும் தோன்றவேயில்லை.

"தெரிஞ்சும் ஏன்க்கா சும்மா இருந்தீங்க?"

"நல்லாத்தானே வெட்டுது."

அவமானத்தில் ஆரம்பித்து ஆத்திரத்தில் போய் முடிந்தது இளையவளுக்கு. இத்தனை வருஷம் தொண்டையில் சிக்கிக் கிடந்தது வெளியே வந்தது.

"உங்களுக்கு அது வெறும் கத்தி. எதுல வேணா வெட்டிக்குவீங்க. தினம் அவர்கூட உக்காந்தது நானு, எண்ணெய் போட்டது நானு. ஆனா அவர் உங்க கையில வச்சு மூடினாரே! நான் பாத்தேன்க்கா. வாசல்லயிருந்து பாத்தேன்."

மூத்தவள் இப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரா எங்க குடுத்தாரு? நான் கேட்டு வாங்குனேன்."

"கேட்டா?"

"ஆமா. தினம் சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் அங்க உக்காந்து சிரிப்பீங்க. நான் இங்க நின்னு உங்களுக்கெல்லாம் சமைப்பேன். ஒரு நாளாவது 'நீயும் வந்து உக்காரும்மா'ன்னு சொன்னாரா? நீயாவது கூப்பிட்டியா? எரியாதா எனக்கு? ஒரு நாள் நேராவே போய், 'எனக்கு அந்தக் கத்தி வேணும் மாமா'ன்னுட்டேன். மூஞ்சி விழுந்துபோச்சு அவருக்கு. 'இது சின்னவளுக்குன்னு வச்சிருந்தேனே'ன்னாரு. நான் கைய நீட்டிக்கிட்டே நின்னேன். என்ன பண்ணுவாரு பாவம், குடுத்துட்டாரு."

"உங்களுக்குக் கத்தி எதுக்குக்கா?"

"எனக்கு எதுக்கு? உனக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மூத்தவள் மறுபடி காரட்டை எடுத்தாள். அவள் குரலில் வருத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. இளையவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சின்னவளுக்கு என்று வைத்திருந்தாராம். வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. அவர் மனசில் தான்தான் இருந்தோம் என்று தெரிந்துவிட்டது, அவர் கத்தியும் இடுப்பில்தான் இருக்கிறது. குளிர்ந்து போக வேண்டியதுதானே இந்த வயிறு? ஒரு கணம் குளிரத்தான் செய்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கண்ணெதிரே காரட் வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றும் காகிதம் போல. வெட்ட வெட்ட அந்த அலகு சத்தமே போடவில்லை. தான் தீட்டிய கூர் இத்தனை அழகாக இறங்கும் என்று அவள் இதுவரை பார்த்ததேயில்லை. அதுவும் இன்னொருத்தி கையிலா?

"அக்கா."

"என்ன?"

"நான் ஒரே ஒரு தடவை வெட்டிப் பாக்கட்டுமா?"

மூத்தவள் கத்தியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"மேல டிராயர் நெறைய வச்சிருக்கியே, அதுல போய் வெட்டு" என்றாள்.