எங்கள் அப்பா ஆடினார்

இந்த முப்பத்தோராம் நாளில் எங்கள் இல்லம் வந்து, அப்பாவின் படத்துக்கு முன் பூ வைத்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம்.

இந்தப் பக்கத்துக்கென்று என் அண்ணன் ஏற்கெனவே ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். "ஓய்வு பெற்றபின் அப்பா வீட்டோடு இருந்து இறைவழிபாட்டில் காலத்தைக் கழித்தார்" என்று அதில் ஒரு வரி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா வீட்டோடு இருந்தவர் அல்லர், இருக்க வைக்கப்பட்டவர். ஆகவே அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டு இதை நானே அச்சகத்தில் கொடுத்தேன். அண்ணனும் உங்களோடு சேர்ந்து இப்போதுதான் இதைப் படிக்கிறார்.

அப்பா பட்டர்வொர்த்தில் பிறந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால், பள்ளி முடித்த கையோடு தங்கையைக் கரையேற்றும் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது. திருமணமாகி ஜார்ஜ்டவுனுக்குக் குடிவந்த பிறகும் தினமும் பெர்ரி ஏறிக் கடல் தாண்டி, கெப்பாலா பத்தாஸில் இருந்த அரசாங்க அலுவலகத்துக்குப் போய் வந்தார். அம்மா நோயில் படுத்தபோது சமைத்தார், துவைத்தார், அம்மாவைக் குளிப்பாட்டினார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இவ்வளவும் அண்ணனின் கட்டுரையிலும் இருந்தது. அதில் இல்லாததை இனி எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் உள்ள பூங்காவுக்கு நான்தான் அழைத்துப் போனேன். அப்பாவுக்கு அந்த நடை பிடிக்கவேயில்லை. "என்னம்மா இது, சுத்திச் சுத்திப் புறப்பட்ட எடத்துக்கே வர்றோம். கோயில்னா சாமியாவது இருக்கும்" என்று அலுத்துக்கொண்டார்.

அப்படிச் சுற்றும்போதுதான் ஒரு மரத்தடியில் பாட்டு கேட்டது. ஊதா நிறச் சட்டை போட்ட இருபது முப்பது பேர் வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள். மலாய்க்காரர்களும் சிலர் இருந்தார்கள். நடத்திய அம்மையார் அப்பாவைப் பார்த்து, "அங்கிள், மாரி, மாரி" என்று மலாயில் கையசைத்துக் கூப்பிட்டார். அப்பா என்னிடம் கைப்பையைக் கொடுத்துவிட்டுப் போய்க் கடைசி வரிசையின் இடது ஓரத்தில் நின்றார். எல்லோரும் இடப்பக்கம் போனால் இவர் வலப்பக்கம் போய் இடித்துக்கொண்டார். ஆனால் அவர் அப்படிச் சிரித்ததை அம்மா போனதற்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் அவரை யாரும் எழுப்பிவிட வேண்டியிருக்கவில்லை. சா சா சா நடனம் கற்றார், மலாய் ஜோகெட் ஆட்டம் கற்றார். வீட்டில் தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் வரை ஆடினார், பாத்திரம் கழுவும்போது ஆடினார், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கால் தானாகப் போகும். காய்கறி வாங்க முன்பு காரில் போன பசாருக்கு இப்போது நடந்தே போய் வந்தார். "எக்சர்சைஸ் செய்றீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அதெல்லாம் இல்ல டாக்டர், டான்ஸ்தான் ஆடுறேன்" என்றார்.

இது நம் உறவினர்களுக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் மகளுக்கு வரன் பேசத் தொடங்கியதும் வீட்டில் கூட்டம் போட்டார்கள். அப்பா கரையேற்றிய தங்கை, எங்கள் மாமி, முதலில் ஆரம்பித்தார்.

"பொம்பளைங்க நடுவுல நின்னு இடுப்ப ஆட்டுறீங்களாமே அண்ணே. மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம பொண்ண யாரு எடுப்பா?"

அண்ணன் சொன்னார்: "அவங்க ரொம்ப ஸ்ட்ரிக்டான ஃபேமிலிப்பா. கல்யாணம் முடியுற வரைக்கும் வேணாம்லா. வீட்டுலயே நடங்க. நான் நடக்குற மெஷின் வாங்கித் தர்றேன்."

"அந்த மெஷினும் புறப்பட்ட எடத்துக்கே கொண்டுவந்து விடுமாடா?" என்று அப்பா கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் சண்டை போட்டேன். "நீ சும்மா இரும்மா, பேத்தி கல்யாணம்" என்று அப்பாவே என்னை அடக்கினார்.

மெஷின் வந்தது. பின்னறையில், சுவரைப் பார்த்தபடி வைத்தார்கள். அப்பா சில நாள் சுவரைப் பார்த்து நடந்தார். பிறகு அதன்மேல் துண்டு காயப்போட்டார். பெண் பார்த்து, நிச்சயம் முடிந்து, திருமணமும் நடந்தேற ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. தேநீர்த் தண்ணீர் தன் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்க, அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

திருமணம் முடிந்த வாரமே ஊதாச் சட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். கொஞ்ச நாள்தான் ஆடக் கிடைத்தது. நுரையீரலில் நோய் என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. மருத்துவமனையில் போர்வைக்குள் அவர் பாதம் அசைவதைப் பார்த்த தாதி, "அங்கிள், கால் வலிக்குதா?" என்று கேட்டார். "இல்லம்மா. ஸ்டெப் மறந்துடக் கூடாது பாரு" என்றார் அப்பா. அதற்கு மறுவாரம் போய்விட்டார்.

இறுதிச் சடங்கன்று மாமி, "ஆடி ஆடியே ஒடம்பக் கெடுத்துக்கிட்டாரு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நுரையீரலில் வந்த நோய்க்குச் சா சா சாவின் மேல் பழி. என்ன வாய் இது?

அன்று ஊதாச் சட்டைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உள்ளே வாருங்கள் என்று சொல்ல ஆளில்லாமல் அடுக்குமாடியின் கேட் ஓரத்தில் வெயிலில் நின்றார்கள். நான் ஓடிப் போவதற்குள் ஒருவர் அவர்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வந்தார். அவர் வேறு யாருமில்லை, அண்ணனின் சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் தாயார். யாருக்குப் பயந்து அப்பாவை உட்கார வைத்தார்களோ அந்த அம்மாதான்.

அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா ஆடுற வீடியோ பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தியே எங்க வாட்ஸ்அப்ல வந்துச்சு. தாத்தா இவ்வளவு சந்தோஷமா இருக்காரு, நல்ல குடும்பமாத்தான் இருக்கும்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. கல்யாணத்துல ஆடுவாருன்னு காத்துக்கிட்டே இருந்தோம். அவரு நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்லையே, ஏன்?"

அருகில் நின்ற அண்ணன் காதிலும் அது விழுந்தது. அந்த ஒரு வருடத்தை இனி யார் அப்பாவுக்குக் கொடுக்கப் போகிறார்கள்?

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சடங்கு நாட்களில் சமைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மரத்தடியில் அப்பாவைக் கூப்பிட்ட அந்த அம்மையாருக்கும் ஊதாச் சட்டை நண்பர்களுக்கும் என் தனி நன்றி. பின்னறையில் இருக்கும் மெஷினை அண்ணன் அவர்கள் வண்டி கொண்டுவந்து எடுத்துச் செல்லலாம்.

நாளைக் காலை அதே மரத்தடியில், கடைசி வரிசையின் இடது ஓரத்தில், அப்பா நின்ற இடத்தில் நான் நிற்பேன். அண்ணனும் மாமியும் வந்தால் பக்கத்தில் இடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீடு என்ன சொல்லுமோ என்று பயப்பட வேண்டாம். சம்பந்தியம்மா ஊதாச் சட்டை வாங்கிவிட்டார்.